பூசணிக்காய்க்கு உள்ளே அனுமதி இல்லை

சோதனை மேஜை மேல் எங்கள் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ விட்டுப்போன முறுக்குப் பாக்கெட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஹெல்மெட். பூசணிக்காயின் உச்சியில் கற்பூரம் வைக்கக் குழி தோண்டி, சுற்றிலும் குங்குமம் பூசியிருந்தோம். பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது.

"வெளி சாப்பாடு உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க" என்றாள் சீருடை போட்ட பெண்.

"எம்மா, இது சாப்பாடு இல்லம்மா. திருஷ்டி" என்றான் எங்கள் தெருச் செல்வம்.

"காய்கறியும் வெளி சாப்பாட்டுலதாங்க வரும்."

"பச்சப் பூசணிக்காய எவம்மா துன்னுவான்? நீ துன்னுவியா?"

அந்தப் பெண் அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து காயை விரலால் தட்டிப் பார்த்தார். எதற்குத் தட்டினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தட்டிவிட்டு, "உள்ள அனுமதி இல்ல. போகும்போது வாங்கிக்குங்க" என்றார். தீப்பெட்டியையும் பறித்துக்கொண்டார். நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த திரை முன் தூவக் கிழித்த காகிதத்தை மட்டும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கிற மல்டிப்ளெக்ஸ் அது. பெயர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் நடந்தது, வெயில் காலம் என்பது மட்டும் நிச்சயம். வாசலில் நின்ற எங்கள் தெருவே வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தேவகி. பிறந்தது கடப்பாக்கம், வாக்கப்பட்டது புதுப்பட்டினம், வேலை ஒரு பள்ளிக்கூட ஆபீஸில். சினிமாவில் என் உத்தியோகம் பார்ப்பது. நடித்தவர்கள் எழுதிவிட்டார்கள், எடுத்தவர்கள் எழுதிவிட்டார்கள், பாட்டுக்குத் தபேலா தட்டியவர்கூட எழுதிவிட்டார். காசு கொடுத்துப் பார்த்தவள் எழுதக் கூடாதா என்ன?

மன்னா, படகு தயார்

பூசணிக்காய் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். என் தம்பி ஏழுமலை ஒரு படத்தில் நடித்துவிட்டான்.

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறதே, அங்கே ஷூட்டிங் என்பது எங்களுக்கு மீன் வண்டி வருகிற மாதிரி. இடிந்த சுவர், பின்னால் தண்ணீர், அதில் படகு. கேமராக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஏழுமலை வேன் ஓட்டுகிறவன். வாரம் முழுக்க ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றுவான், லீவு நாளில் ஷூட்டிங் ஆட்களை ஏற்றுவான்.

அப்படி ஒரு நாள், போர்வீரன் வேஷம் கட்டிய ஆள் படகில் ஏறி, ஏறின வேகத்தில் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான். டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார். உயரமாக, சும்மா, வேனில் சாய்ந்துகொண்டு நின்றவன் என் தம்பி. தலையில் ஒரு கவசத்தைக் கவிழ்த்துக் கையில் ஈட்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

வசனமும் உண்டு. "மன்னா, படகு தயார்!"

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மனுஷர் வாழ முடியவில்லை. இட்லி வெந்ததா என்று கேட்டால், "மன்னா, இட்லி தயார்" என்பான். குளிக்கப் போடா என்றால், "மன்னா, வெந்நீர் தயார்." கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளிடம்கூடச் சொன்னான். அந்த ஆள் பாவம், பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒரு நிபந்தனை

இதுவரை விளையாட்டு. இனிமேல்தான் வினை.

ஏழுமலையின் வேனில் தினமும் டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற பெண் சுகந்தி. வருஷக்கணக்காக இவன் முதுகையே பார்த்துக்கொண்டு போனவளுக்கு, முன்பக்கமும் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா ராஜமாணிக்கம் சார், அணுமின் நிலையத்தில் அளவு பார்க்கிற வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துப் பக்கத்து மனிதர். டீயில் சர்க்கரையைக்கூடத் தலைதட்டிப் போடுவார். தியேட்டர் வாசலைக் கல்யாணமான நாளிலிருந்து மிதித்ததில்லை. திருஷ்டி, ராகுகாலம் என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார்.

நாங்கள் பெண் கேட்டுப் போனபோது அவர் சாதி கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். "தம்பி வேற என்னல்லாம் பண்ணுவீங்க?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

இந்த அசடு, "சினிமால நடிச்சிருக்கேன் சார். வசனம் பேசி" என்றது.

சார் முகம் மாறிவிட்டது. "ஓகோ" என்றார். அவர் ஊரில் சினிமாவில் நடிப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு சொந்தக்காரர் கடைசிவரை எந்தப் படத்திலும் வரவே இல்லையாம். அந்தப் புளுகிலேயே ஒரு குடும்பம் சீரழிந்ததாம்.

"வேன் ஓட்டறவர்னா எனக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொல்றவர்னா பொண்ணு கிடையாது. படம் வரட்டும். நான் என் கண்ணால பாக்கறேன். அதுல நீங்க இருந்தா மேல பேசலாம்" என்றார்.

சுகந்தி உள்ளே கதவுப் பக்கம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

மூட்டைப்பூச்சிக் காலம்

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காலத்துத் தியேட்டர்தான் தியேட்டர் என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அச்சரப்பாக்கத்தில் நாங்கள் படம் பார்த்த கொட்டகையில் நாற்காலிக்கு ஆசைப்பட்டுப் போனால் மூட்டைப்பூச்சி. வீட்டுக்குள் நுழையும் முன் தெருவில் நின்று புடவையை உதற வேண்டும். தரை டிக்கெட் தரையில் மூட்டைப்பூச்சி இல்லை, ஆனால் வெற்றிலைச் சாறு இருந்தது.

அங்கே ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு வாசல். தரைக்கு ஒன்று, பெஞ்சுக்கு ஒன்று, சேருக்கு ஒன்று. எதில் நுழைந்தாலும் உள்ளே ஒரே கொட்டகை, ஒரே திரை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் அம்மா படம் பார்த்தால் திரையோடு பேசுவாள். "அடியே, கதவத் தொறக்காதடி! அவன் அங்கதான் நிக்கிறான்!" கதாநாயகி திறந்துவிடுவாள். "சொன்னா கேக்குதா பாரு கழுத" என்று அம்மா அந்த வாரம் முழுக்கக் கறுவிக்கொண்டிருப்பாள். கழனி வேலைக்குப் போன இடத்திலும் அதே பேச்சு.

பிறகு டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்தன. மாதா கோயில் திருவிழாவுக்கும் போடுவார்கள், கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்கும் போடுவார்கள். எங்கள் தெருவில் இரண்டு கூட்டமும் உண்டு, ஒரே படத்தை இரண்டு தடவை பார்ப்போம். இப்போது பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு போன். முன் சீட்டில் ஒருத்தி அழுகிற படம், பக்கத்தில் ஒருத்தன் வெட்டுகிற படம். நான் இரண்டையும் எட்டி எட்டிப் பார்க்கிறேன், ஓசியில்.

எது எப்படி மாறினாலும் எங்கள் ஆட்களுக்குப் படம் பார்ப்பது என்றால் வாயும் கையும் சேர்ந்ததுதான். விசில், காகிதம், பூசணிக்காய். நம்ம ஏழுமலையே நடிக்கிறான் என்றால் சும்மா விடுவார்களா?

எந்த வாசலில் நுழைந்தால் என்ன

படம் வந்த அன்றைக்கு இரண்டு வேன் கிளம்பியது. ஒன்றை ஏழுமலை ஓட்டினான். சார், சுகந்தி வழக்கமாக உட்காருகிற இடத்தில், அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். சுகந்தி ஆபீசிலிருந்து நேரே தியேட்டருக்கு வருவதாக ஏற்பாடு. செல்வம் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில். எங்கள் தெருவில் எந்தப் படம் வந்தாலும் கற்பூரம் கொளுத்துவது அவன்தான்.

வழியில் சார் என் பக்கம் குனிந்தார். "ஏம்மா, உங்க தம்பி வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி எல்லாம் ஏன் இடது பக்கமா மேல பாக்கறார்?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. யார் என்ன கேட்டாலும் ஏழுமலை முதலில் தலையை லேசாகத் திருப்பி மேலே பார்க்கிறான், அப்புறம்தான் பதில் சொல்கிறான்.

"கண்ணாடிங்க சார். பின்னால யாரு பேசுறாங்கன்னு கண்ணாடில பாத்துப் பாத்துப் பழக்கம்."

"வண்டிய நிறுத்தின பிறகும் பாக்கறாரே" என்றார். டீக்கடையில் இறங்கியபோது கவனித்திருக்கிறார். அளவு பார்த்த கண் இல்லையா?

தியேட்டர் வந்ததும் ஏழுமலை வண்டியை நிறுத்தப் போனான். அவனுக்கும் சுகந்திக்கும் டிக்கெட்டை முன்பே அனுப்பியாயிற்று, மற்றதெல்லாம் செல்வம் போனில். பூசணிக்காய்ச் சண்டை முடிந்து உள்ளே போனால், குளிரில் பல் கிட்டுகிறது. எதிரே வரிசையாகக் கதவுகள், மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்.

"டிக்கெட்டுல மூணுன்னு போட்டுகீதே செல்வம்" என்றேன்.

"அட இன்னாக்கா நீ! அச்சரப்பாக்கத்துல தரை, பெஞ்சு, சேருன்னு வாசலு இருந்துச்சில்ல? அதத்தான் இங்க நம்பர் போட்டு வச்சிகிறான். எதுல பூந்தா இன்னா, உள்ள ஒரே கொட்டாய்தான். ரெண்டு கிட்ட கீது, வா."

சிரிக்காதீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தியேட்டரே தெரியாத சார், "அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டினார். இரண்டாம் நம்பர் கதவில் டிக்கெட் பார்க்க ஆளில்லை, எங்கள் தெரு மொத்தமும் புகுந்தது. உள்ளே பாதிக்கு மேல் காலி. உட்கார்ந்ததும் சார் முதல் வேலையாக, "எல்லாரும் போனை அணைச்சு வைங்க. ஒழுங்கா பாக்கணும்" என்றார். அணைத்தோம்.

கிராபிக்ஸ்

இப்போதெல்லாம் எந்த மொழிப் படமானாலும் ராஜா வந்துவிடுகிறார் பாருங்கள், அதுதான் எங்களைக் கெடுத்தது. திரையிலும் ராஜா. கவசம் போட்ட வீரர்கள், ஈட்டி, குதிரை. பேச்சுக்கும் உதட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது ஒரு டப்பிங் படம். நாங்கள் எங்கே உதட்டைப் பார்த்தோம்? ஏழுமலையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

"அதோ! மூணாவது குதிரை! அண்ணாத்த!" என்று ஒருத்தன் கத்தினான். விசில் பறந்தது.

"டேய், அது நம்மாளு இல்ல. அந்தாண்ட, கொடி புட்ச்சிகினு கீறான் பாரு!" அதற்கும் விசில். செல்வம் என் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தை அள்ளி வீசினான். முன் வரிசையில் சோளப்பொரி தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து இடம் மாறிப் போனார்கள்.

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வீரனாகப் பார்த்து, "இவர் இல்ல. இவரும் இல்ல" என்று முணுமுணுத்தார். அந்தப் படத்தில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை.

எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. திரை முழுக்க வெள்ளை வெளேரென்று பனிமலை.

"செல்வம், நம்ம கோட்டையாண்ட ஏதுடா பனி?"

"கிராபிக்ஸுக்கா."

"பின்னால தண்ணி இருக்கணுமே?"

"உறைஞ்சி போச்சி. கிராபிக்ஸு."

அந்த நேரம் ஒரு வீரன் ராஜா முன்னால் வந்து குனிந்து, "அரசே, பகைவர் வந்துவிட்டனர்!" என்றான். வழுக்கைத் தலை, தொப்பை, தாடி. செல்வம் எழுந்து நின்று மிச்சக் காகிதத்தை எல்லாம் கொட்டிவிட்டான். "நம்மாளுதான்! மேக்கப்புல அடையாளம் தெரில! வசனத்தக் கூட மாத்திகிறானுங்க!"

சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தேவகி, இவர் உங்க தம்பியா?"

என்ன சொல்வேன்? ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் கல்யாணம் போச்சு. "பார்ப்போம் சார், இன்னும் படம் கீது" என்றேன்.

நிழல்

பக்கத்தில், மூன்றாம் நம்பரில் நடந்ததைப் பிறகு சுகந்தி சொன்னாள். அங்கே எங்கள் தெருவுக்கென்று வாங்கிய வரிசைகள் ஈயடித்துக்கொண்டிருக்க, அவளும் ஏழுமலையும் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சீட்டு காலி விட்டு. அப்பா எந்த நிமிஷமும் வருவார் இல்லையா, அந்த மரியாதைக்கு. எங்கள் யாருக்குப் போட்டாலும் போன் அணைந்திருக்கிறது. சார் கோபித்துக்கொண்டு எல்லாரையும் திருப்பி அழைத்துப் போய்விட்டார் என்று நினைத்து, இரண்டு பேரும் அழாத குறை. அப்போதுதான் சுவரைத் தாண்டி விசில் சத்தம் கேட்டிருக்கிறது. எங்கள் தெரு விசிலை ஏழுமலைக்குத் தெரியாதா?

எழுந்து ஓடி வந்தான். இருட்டில் வழி தெரியாமல் நேரே திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். பனிமலையின் அடியில் அவன் தலை நிழல் கறுப்பாக விழுந்தது, அவன் காதுகூட அப்படியே.

"வந்துட்டான்டா! அண்ணாத்த வந்துட்டாரு!" என்று செல்வம் அலறினான். அன்றைக்குக் கிடைத்த விசிலிலேயே பெரிய விசில் அந்த நிழலுக்குத்தான். சார்கூடச் சீட்டை விட்டு எழுந்துவிட்டார்.

"யோவ்! இது வேற படம்யா!" என்று நிழல் கத்தியது. "அக்கா, பக்கத்துல அக்கா! என் சீன் வரப்போவுது, ஓடியாங்க!"

ஓடினோம். செருப்பைத் தேடக்கூட யாருக்கும் நேரமில்லை. சாரை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். சோளப்பொரி தின்ற அந்த இரண்டு பேரும் என்னமோ ஏதோ என்று எங்களோடு ஓடி வந்தார்கள்.

முதுகு

மூன்றாம் நம்பரில் நாங்கள் நுழையவும் ஆலம்பரைக் கோட்டை தெரியவும் சரியாக இருந்தது. எங்கள் சுவர், எங்கள் தண்ணீர். ராஜா கடலைப் பார்த்துக் கவலையாக நிற்கிறார். ஒரு வீரன் நடந்து வருகிறான்.

வந்தவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கேமரா ராஜா முகத்தை விட்டு நகரவில்லை. வீரனுக்குக் கவசம், கழுத்து, முதுகு, அவ்வளவுதான். "மன்னா, படகு தயார்" என்று குரல் வந்தது. அதுவும் என் தம்பி குரல் இல்லை. யாரோ ஒரு மனுஷர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினது போல இருந்தது. அடுத்த நொடி வேறு காட்சி.

செல்வத்திடம் வீசக் காகிதம் இல்லை, எல்லாம் பக்கத்துத் தியேட்டரில் கிடந்தது. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். சுகந்தி துப்பட்டா நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். முகமும் இல்லை, குரலும் இல்லை. இதை வைத்துக்கொண்டு அந்த மனிதரிடம் என்ன நிரூபிப்பது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தான்!" என்று ஒரு குரல் கேட்டது.

ராஜமாணிக்கம் சார். இருட்டில் நடுவழியில் நின்று கையை நீட்டிக் கத்துகிறார். "இடது பக்கம் மேல பாத்தான்! பேசறதுக்கு முன்னாடி பாத்தான்! கோட்டையில ஏது கண்ணாடி? கண்ணாடி பாக்கறான்யா, இவன்தான்யா!"

"உக்காருங்க சார், மறைக்குது" என்றார்கள் பின்னால்.

"மறைக்கட்டும்! அது எங்க ஆளு!" என்றார் சார்.

சுகந்தி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எங்கள் தெரு அடித்த விசிலில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். இடைவேளைக்குப் போட்டார்களா, எங்களுக்காகப் போட்டார்களா, தெரியாது.

வெளியே

படம் முடிந்து வந்தபோது சோதனை மேஜையில் பூசணிக்காய் அப்படியே இருந்தது, பக்கத்தில் தீப்பெட்டியும். செல்வம் காயை எடுக்கப் போனான். சார் அவனை ஒதுக்கிவிட்டு, தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.

"அது திருஷ்டிப் பூசணி சார். உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்காதே" என்றேன்.

"எனக்கு நம்பிக்கை இல்லதான். இன்னிக்கு மாப்பிள்ளைய ஊரே பாத்திருக்கு, இல்லியா?"

மாப்பிள்ளை! அந்த வார்த்தையைக் கேட்டதும் ஏழுமலை கையிலிருந்த வேன் சாவி கீழே விழுந்தது.

வண்டிகள் நிற்கிற இடத்தில் ஓர் ஓரமாக அவனை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, சார் பூசணிக்காயைச் சுற்றினார். எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சுற்றினார். உடைத்தார். உடைத்த கையோடு, "வழியில கிடந்தா வண்டி வழுக்கும்" என்று சொல்லி எங்கள் எல்லாரையும் குனிய வைத்து ஒரு துண்டு விடாமல் பொறுக்கிப் பையில் போடவைத்தார். புதுப்புடவையில் நான் பூசணி விதை பொறுக்கினேன்.

கை கழுவிக்கொண்டு வந்து, "போலாமா?" என்றார் சார்.

ஏழுமலை ஒரு தடவை இடது பக்கம் மேலே பார்த்தான். அங்கே ஆகாசம்தான் இருந்தது.

"மாமா, வண்டி தயார்" என்றான்.